குதிரை விழுந்தும் வெடிக்காத நேரம்
சேர்வராயன் அடிவாரம் – வரலாற்றுத் தொடர் – 23

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாணியாறு அணைப் பக்கம் போகிற வழியில் ஒரு தோட்டம். தோட்டத்துப் பெரியவர் உள்ளே போய், பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த துப்பாக்கியை எடுத்துவந்து கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவருடைய தகப்பனார் காலத்தில் வாங்கிய உரிமம், பிறகு இவர் பெயருக்கு மாறியிருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் என் மார்பு உயரம் வருகிறது. கட்டையில் விரிசல் விட்ட இடத்தைச் செம்புக் கம்பியால் நெருக்கிச் சுற்றியிருக்கிறார்கள். குழலின் அடியில், பக்கவாட்டில், கடுகு நுழையும் அளவு துளையோடு ஒரு சிறிய குமிழ். அதன்மேல் ‘கேப்’ என்கிற வெடித் தொப்பியைப் பொருத்த வேண்டும். அதற்குப் பின்னால், மூக்கு வளைந்த ஓர் இரும்புத் துண்டு நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் குதிரை. விசையை இழுத்தால் குதிரை விழும், கேப் பொரியும், அந்தப் பொறி துளை வழியே இறங்கி உள்ளே கெட்டித்து வைத்த மருந்தைப் பிடிக்கும்.

வாய் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும். முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ஈய ரவை, மறுபடியும் நார். ஒவ்வொன்றையும் நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஒரு முறை சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

“மழைக்காலத்துல மருந்து நமுத்துப் போச்சுன்னா, குதிரை விழும், ‘டக்’னு சத்தம் வரும், வெடிக்காது. பன்னி தலையத் தூக்கி நம்மளப் பாக்கும். அந்த நேரம் இருக்குதே தம்பி, அது ரொம்பப் பெரிசு” என்றார் பெரியவர்.

பெரியவர் சொன்ன அந்த நேரத்தைப் பற்றியதுதான் இந்த வாரக் கதை. குதிரை விழுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைக்க மனிதர்கள் ஐந்து நூற்றாண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அதன் கடைசிப் படியில், பேட்டரியால் பொறி வைக்கும் வாய்வழித் துப்பாக்கி ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது. நம் அடிவாரத்துத் துப்பாக்கியோ ஏறத்தாழ 1840-இல் நின்றுவிட்டது. ஏன் நின்றது?

சென்ற வாரம் 1792-இல் இருந்தோம். சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் சீமை திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் புழங்கின. ஒன்று திரித் துப்பாக்கி. கனன்றுகொண்டே இருக்கும் ஒரு கயிற்றுத் திரியைப் பற்றுவாயில் தொட்டால் வெடிக்கும். பாளையக்காரர்களின் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருந்தது இதைத்தான். மற்றொன்று சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரையின் வாயில் ஒரு கல்துண்டைக் கவ்வவைத்திருப்பார்கள். அது எஃகுத் தகட்டில் உரசிப் பொறி கக்கும். அந்தப் பொறி, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் இட்ட ரஞ்சகத்தைப் பற்றவைக்கும். ரஞ்சகம் என்றால் பற்றவைப்பதற்கென்றே தனியாக வைக்கும் நயமான மருந்துத் தூள். கும்பினிச் சிப்பாயின் தோளில் இருந்ததும், திப்புவின் சீரங்கப்பட்டணப் பட்டறைகளில் செய்ததும் இந்த வகைதான்.

மருந்துக்கு வேண்டிய பொருள்களில் இரண்டு நம் மண்ணிலேயே கிடைத்தன. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். கரிக்கு எருக்கஞ்செடி இருந்தது. கந்தகம் மட்டும் வியாபாரிகள் வழியாக வந்தாக வேண்டும். ஆகவே மருந்து நம் ஊருக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. பற்றவைப்பதுதான் பாடு. சக்கிமுக்கிக் கல் தேய்ந்துபோகும். காற்றடித்தால் ரஞ்சகம் பறக்கும். தூறல் விழுந்தால் கிண்ணத்தில் கரிக்கூழ்தான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். நீர்ப்பறவை வேட்டையில் பிரியம் உள்ளவர். சக்கிமுக்கித் துப்பாக்கியில் ரஞ்சகம் முதலில் பளீரென்று எரியும், குண்டு ஒரு கணம் கழித்தே வரும். பறவை அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் மூழ்கிவிடும் அல்லது பறந்துவிடும். இதைக் கண்டு கண்டு சலித்த ஃபோர்சைத், அடித்தாலே வெடிக்கும் ரசாயனப் பொருளைக் கொண்டு பொறி வைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பொருள் ஒரு சிறிய செப்புத் தொப்பிக்குள் அடங்கிவிட்டது. பெரியவர் துப்பாக்கியின் குமிழில் பொருத்துகிற கேப் அதுதான்.

பிரிட்டிஷ் இராணுவம் 1834-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒவ்வொரு வகையிலும் 6,000 முறை சுட்டார்கள். சக்கிமுக்கியில் ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று வெடிக்கவில்லை. கேப் துப்பாக்கியில் 166-க்கு ஒன்றுதான் பொய்த்தது. அதற்கப்புறமும் மாற்றம் மெதுவாகவே நடந்தது. முதலில் வெள்ளைக்காரப் படைகளுக்குக் கொடுத்தார்கள். சென்னைச் சிப்பாய்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்பது 1841 மே மாதக் கடைசியில் சீனாவில் தெரிந்தது. நம் பாடப் புத்தகங்கள் சொல்லாத சம்பவம் இது. அபினிப் போருக்காகக் கும்பினி அனுப்பிய படைகளில் 37-ஆவது சென்னைச் சுதேசிக் காலாட்படையும் ஒன்று. காண்டன் நகருக்கு அருகே சான்யுவான்லி என்ற ஊர்ப்பக்கம், அந்தப் படையின் ஒரு கம்பெனி, ஏறத்தாழ அறுபது பேர், மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டது. இடியும் மழையும் கொட்டின. நெல்வயல் சேற்றில் நின்ற அவர்களை ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் ஈட்டிகளோடு சூழ்ந்தார்கள். கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. ஒன்றும் வெடிக்கவில்லை. நாற்புறமும் முகம் காட்டிச் சதுரமாய் நின்று, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் மட்டுமே தடுத்துக்கொண்டிருந்தார்கள். தேடிவந்து அவர்களை மீட்ட கடற்படைச் சிப்பாய்களின் கையில் கேப் துப்பாக்கி இருந்தது, மழையிலும் அது வெடித்தது. பெரியவர் சொன்ன ‘ரொம்பப் பெரிய நேரத்தை’ அந்தச் சென்னைச் சிப்பாய்கள் மணிக்கணக்கில் நின்று அனுபவித்திருக்கிறார்கள்.

இனி வேகமாகப் போவோம். 1853 மாதிரி என்ஃபீல்டு, கேப் வைத்து வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கி. அதன் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பைப் பற்றிய அச்சம் 1857-இல் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1866-இல் ஸ்னைடர் முறை வந்தது. அதே என்ஃபீல்டின் பின்பக்கத்தைத் திறந்து தோட்டா போடும்படி மாற்றினார்கள். உலக இராணுவங்களைப் பொறுத்தவரை வாய்வழித் துப்பாக்கியின் காலம் அத்தோடு முடிந்தது.

நம் ஊரில் முடியவில்லை. காரணம் சட்டம்.

1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் ஓய்ந்த கையோடு, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டார். அது தெற்குச் சீமையில். நாடு முழுவதையும் கட்டியது 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, சுதேசி மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய அதே ஆண்டில், அதுவும் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமானது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. குடகர்களுக்கும் விலக்கு கிடைத்தது, அது இன்றும் தொடர்கிறது. சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் இருந்த மலையாளி மக்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. (மலையாளி என்றால் இங்கே மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர். கேரளத்தோடு சம்பந்தமில்லை. காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து மூன்று மலைகளில் குடியேறியதாக அவர்கள் சொல்லும் வழிவழிக் கதையை ஐந்தாம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.) இந்தச் சட்டம் மக்களை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தி முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சை பேசியவர் அதைக் கேட்டார் என்பதை நின்று யோசிக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அதன் 13-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு இந்தக் கதையின் முடிச்சே கையில் கிடைத்ததுபோல் இருந்தது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒரு குடிமகன் கேட்டால், வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிக்கிறது. பயிரைக் காக்க அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகைக்குப் போகலாம். அதாவது 1866-லேயே இராணுவங்கள் கழித்துக்கட்டிய ஒரு கருவியை, நம் சட்டம் உழவனுக்குரிய கருவி என்று எழுதிவைத்தது. பெரியவர் வீட்டுக் கட்டிலில் கிடந்த துப்பாக்கி அந்த வரியிலிருந்து வந்ததுதான். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் திரும்ப வாங்கிவருகிறார்.

இனி அமெரிக்காவுக்குப் போய் வருவோம். அங்கேயும் பழைய துப்பாக்கியை உயிரோடு வைத்திருப்பது சட்டம்தான், ஆனால் வேறு வழியில். மான் வேட்டைக்கு அங்கே மாநிலந்தோறும் பருவம் ஒதுக்குகிறார்கள். சாதாரண ரைஃபிளுக்கு ஒரு பருவம், வில்லுக்கு ஒன்று, வாய்வழித் துப்பாக்கிக்குத் தனியே ஒன்று. பென்சில்வேனியா 1974-இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே என்று ஒரு பருவத்தைத் தொடங்கியது. கூட்டம் குறைவு, கூடுதல் நாள்கள் என்பதால் வேட்டைக்காரர்கள் அந்தத் துப்பாக்கியைத் தேடி வாங்கினார்கள். கருமருந்தால் மட்டுமே இயங்கும் வாய்வழித் துப்பாக்கிகளை அந்நாட்டு மத்தியச் சட்டம் பழங்காலப் பொருளாகவே கருதுவதால், வாங்குவதும் எளிது. வாங்க ஆள் இருந்தால் மெருகேற்றவும் ஆள் வருவார். மிசௌரி மாநிலத்தின் டோனி நைட் 1985-இல், பொறி நேராக மருந்தின் முதுகில் போய் விழும்படி அமைத்த புதிய மாதிரியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து இது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது.

அந்த வளர்ச்சியின் உச்சமாக, 2007 வாக்கில் கனெக்டிகட் வேலி ஆர்ம்ஸ் என்ற கம்பெனி ‘எலெக்ட்ரா’ என்ற ரைஃபிளை வெளியிட்டது. அரை அங்குல வாய். மருந்தும் குண்டும் நம் பெரியவர் போடுவதுபோல் முன்பக்கத்திலிருந்தே போக வேண்டும். ஆனால் குதிரை இல்லை, கேப் இல்லை. உள்ளே 9 வோல்ட் பேட்டரி, வீட்டில் டெஸ்டர்களில் போடுகிற அதே சதுர பேட்டரி. விசையைத் தொட்டால் மின்சுற்று மூடும், குழலின் அடியில் ஒரு மின்பொறி பாயும், மருந்து நேரடியாகப் பிடிக்கும். விழ வேண்டிய இரும்பு எதுவுமே இல்லாததால் துப்பாக்கி அதிராது, விசைக்கும் வெடிக்கும் நடுவில் இடைவெளி இல்லாத மாதிரிதான். ஃபோர்சைத் பாதிரியார் கேட்ட வரம் அது.

மின்பொறியால் துப்பாக்கி சுடுவது புதிய எண்ணமும் அல்ல. பேட்டரியைப் பின்னாளில் கண்டுபிடித்த வோல்டாவே, 1776-இல் மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து கிளம்பும் எரிவாயுவைச் சேகரித்து, அதை மின்பொறியால் வெடிக்கவைக்கும் ஒரு கைத்துப்பாக்கியை அடுத்த ஆண்டே செய்துகாட்டினார். ஃபோர்சைத்துக்கு முப்பது ஆண்டுகள் முந்திய கதை. இன்று நம் பைக்கில் ஸ்பார்க் பிளக் செய்யும் வேலையும் அதுதான்.

இருந்தும் எலெக்ட்ரா நீண்ட நாள் நிற்கவில்லை. வேட்டைக்காரர்களில் ஒரு சாரார், பழைய முறையின் கஷ்டத்துக்காகத்தானே தனிப் பருவம் கொடுத்தார்கள், பேட்டரி வைத்தால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். கொலராடோ போன்ற மாநிலங்கள் அந்தப் பருவத்தில் துப்பாக்கியில் மின்னணுச் சாதனம் எதையும் வைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. அங்கே வேட்டை பொழுதுபோக்கு. தனக்குத்தானே ஒரு தடையை வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிடலாம். பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தத் தடையை உழவன் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. பேட்டரி வைத்தால் சட்டத்திலிருந்து தப்பலாம் என்று நம் ஊரில் யாரும் நினைக்கவும் வேண்டாம். வெடிமருந்தாலோ வேறு எந்த ஆற்றலாலோ குண்டை எறியும் எதுவும் துப்பாக்கிதான் என்று நம் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இந்த மலைகளில் வேட்டைக்குச் சட்டம் கடிவாளம் போட்டது 1974 ஜனவரி 1-இல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அன்றுதான் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த உலகம் எப்படி இருந்தது என்பதைக் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். பெங்களூரிலிருந்து பென்னாகரம் காடுகளுக்கு வந்துபோன அவருக்கு வழிகாட்டிகளாக இருந்த பைராவும் ரங்காவும் நாட்டுத் துப்பாக்கியோடு களவு வேட்டையாடியவர்கள். அவர் அவர்களைக் குற்றவாளிகளாக எழுதவில்லை, காட்டைக் கற்றுக்கொடுத்த ஆசான்களாக எழுதினார். அந்த அறிவு பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. துப்பாக்கி மட்டும் போய்ச் சேர்ந்தது.

அப்படி மிஞ்சியதைத்தான் இப்போது செய்தித்தாள்கள் கள்ளத் துப்பாக்கி என்கின்றன. உரிமம் கிடையாது. ஏதோ ஒரு பட்டறையில் செய்த குழல். ஈயம் கிடைக்காதபோது சைக்கிள் பால்ரஸ். தாங்காத குழல் பின்பக்கமாக வெடித்துச் சுட்டவனின் கையையே பறிக்கும். இருட்டில் புதர் அசைந்தது என்று சுட்டு, கூடவந்தவனையே கொன்ற வழக்குகள் தமிழ்நாட்டின் மலையோர மாவட்டங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 2019-இல் திருத்திய சட்டப்படி, உரிமமில்லாமல் இதை வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு ஆண்டு சிறை.

பெரியவரிடம் ஒன்று கேட்டேன். கடைசியாக எப்போது சுட்டீர்கள்? சிரிக்கவில்லை, யோசித்தார். “சுட்டு வருசம் ஆச்சு. சத்தத்துக்கு மட்டும் வானத்தப் பாத்து ஒண்ணு வெப்பேன். இப்ப அதுக்கும் பன்னி பயப்படுறதில்ல. குச்சிக்கிழங்கும் கல்லக்காவும் பாதிதான் வூட்டுக்கு வருது.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “ஒவ்வொருத்தர் வேலியில கரண்டு வுடறாங்க. நான் வுட மாட்டேன்” என்றார்.

அவர் அதைச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. மின்சாரம் நம் ஊரில் துப்பாக்கிக்குள் வரவில்லை. வேலிக்குள் வந்தது. அமெரிக்காவில் 9 வோல்ட் பேட்டரி ஒரு மானைக் குறிபார்த்துச் சுட உதவியது. இங்கே வீட்டு இணைப்பிலிருந்து கள்ளத்தனமாக இழுத்த 230 வோல்ட் கம்பி, வருவது பன்றியா, யானையா, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் இதே தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே, விவசாய நிலத்தில் கள்ளமாய் மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின, செத்த யானைகளை விட்டு நகராமல் அவை சுற்றிச் சுற்றி வந்ததை ஊர் பார்த்தது. அதே ஆண்டு அரசு மின்வேலிகளுக்குப் பதிவு கட்டாயம் என்று விதிகள் கொண்டுவந்தது. அவுட்டுக்காய் இன்னொரு கொடுமை. பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்துப் பன்றிக்கு வைப்பது, யானைக் குட்டி கடித்தால் தாடை சிதறிப் பட்டினியில் சாகும். வாய்வழித் துப்பாக்கிக்காவது, சுடுகிறவன் எதிரே நின்று பார்த்தாக வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இருந்தது.

2025 ஜனவரியில் அரசு, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று ஆணை வெளியிட்டது. 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். வாணியாற்றுப் பக்கத்துத் தோட்டங்களில் பல காட்டை ஒட்டியே இருக்கின்றன. அவர்களுக்கு இந்த ஆணையால் பெரிய பயன் இல்லை. இழப்பீடு, பயிர் அழிந்த அந்தப் பருவத்துக்குள்ளேயே கைக்கு வந்தால்தான் வேலியில் கரண்டு விடுகிற கை நிற்கும். இது என் தீர்மானமான கருத்து.

கடைசியாக வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். உரிமமில்லாத துப்பாக்கி எதுவும் வீட்டுப் பரணில் கிடந்தால், கிணற்றில் போடாதீர்கள், புதைக்காதீர்கள். ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிக்கின்றன. அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் வழியாகக் கொடுத்துவிடுங்கள். மாவட்ட நிர்வாகம் அப்படி வந்தவற்றை அழிக்கும்போது, ஒன்றையாவது சுட முடியாதபடி செய்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற குறிப்போடு தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களின் பக்கத்தில் வைக்க வேண்டும். வில்லோடு நிற்கும் வீரனுக்கு அங்கே இடம் இருக்கிறது. பரணில் விழித்திருந்து குச்சிக்கிழங்கைக் காத்தவனுக்கும் இடம் இருக்கட்டும்.

இன்னொன்று, தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் நகலை இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். பெயரை வெளியிட மாட்டோம். எந்த ஆண்டு, எந்த ஊர், எதற்காக உரிமம், இந்த மூன்று விவரம் போதும்.